செல்லுக்குள் நடக்கும் புரதமும் மூலனூர்ச் செங்காந்தளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்களுக்குள் சுமை கொண்டு செல்லும் இயக்கிப் புரதங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், கைனசின் என்னும் புரதம் தான் போய்ச் சேர வேண்டிய இடத்தை அறிந்து, இரு கால்களால் நிதானமாக நடந்து செல்கிறது என்ற பொருள்படக் கட்டுரை எழுதப்பட்டிருந்ததும், அதற்குத் துணையாக ஒரு பொம்மை உருவம் வெட்டவெளியில் கயிற்றின்மேல் நடப்பதுபோல் படம் போடப்பட்டிருந்ததும், வாசகர்கள் மனத்தில், குறிப்பாக மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் மனத்தில், பிறகு எளிதில் அழியாத தவறான எண்ணத்தைப் பதித்துவிடும் என்று அஞ்சுகிறேன். பல ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்கு விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்; கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது. கைனசினும், டைனீன் என்னும் மற்றோர் இயக்கிப் புரதமும் ஓடும் பாதைக்கு நுண்குழல் என்று பெயர். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின் புரதங்கள் சேர்ந்த 8 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நீள இணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சரமாகி, அத்தகைய சரங்கள் பெரும்பாலும் 13 பக்கவாட்டில் ஒட்டி உருவாகும் குழல் அது. அதன் வெளிவிட்டம் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 40,000 குழல்களை அருகருகே அடுக்கிவிடலாம். எல்லா இணைகளும் ஒரே பக்கம் பார்த்து அமைந்திருப்பதால் குழலின் இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றைக் கூட்டல் முனை என்றும் மற்றதைக் கழித்தல் முனை என்றும் அழைக்கிறார்கள். நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையான ஆக்ஸானில் கூட்டல் முனைகள் எல்லாம் வெளிப்பக்கம், இழையின் கடைசியை நோக்கியே இருக்கின்றன. கைனசின்களில் பெரும்பாலானவை கூட்டல் முனையை நோக்கிச் செல்பவை; டைனீன் கழித்தல் முனையை நோக்கிச் செல்வது. ஆகவே எந்தப் பக்கம் போவது என்ற கேள்விக்கான விடையில் பாதி பாதையின் அமைப்பிலேயே இருக்கிறது, சுமப்பவரின் அறிவில் இல்லை.

இந்தப் பாதை எதனால் ஆனது என்று அறிவியல் கண்டறிந்த வரலாற்றில், கொங்கு மண்ணுக்கு மிக நெருக்கமான ஒரு பொருளுக்கு முக்கியமான இடம் உண்டு. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கண்வலிக் கிழங்கு என்று நாம் பயிரிடுகிறோமே, அந்தச் செங்காந்தளின் விதையில் இருக்கும் கோல்கிசின்தான் அது. ஆடியில் கிழங்கு ஊன்றி, கம்பிப் பந்தலில் கொடியேற்றி, பூத்தபின் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டுவைத்து, காய் பழுத்ததும் பறித்துக் காயவைத்து விதை எடுத்து, வியாபாரி சொல்லும் விலைக்குப் போடுகிற நம் விவசாயிகளிடம், இது மருந்துக்குப் போகிறது என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த மருந்து உடலுக்குள் எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பூவைத் தொட்டவர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

கோல்கிசின் 1820-இல் ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நம் செங்காந்தளில் இருப்பதும் அதே மூலக்கூறுதான். அது செல் பிரிதலைப் பாதி வழியில் நிறுத்திவிடும் என்பது தெரிந்து, 1937 முதல் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் பயன்பட்டது. ஆனால் செல்லுக்குள் அது எந்தப் பொருளின்மேல் ஒட்டுகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1960-களில் சிகாகோவில் எட்வின் டெய்லரும் கேரி போரிசியும் கதிரியக்கம் ஏற்றிய கோல்கிசினைச் செல்களில் செலுத்தி, அது எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று தேடினார்கள். பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் அந்தப் புரதம் கிடைத்தது எதிர்பார்த்ததே. வியப்பு என்னவென்றால் அது மூளைத் திசுவில் மிகுதியாகக் கிடைத்தது. மூளையின் நரம்பு செல்களோ பிரிவதில்லை. பிரியாத செல்லுக்குப் பிரிதலை நடத்தும் பொருள் எதற்கு? நரம்பு செல்களின் நீண்ட இழைகளுக்குள் நுண்குழல்கள் நெருங்கிக் கிடக்கின்றன என்பதை அதனோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. 1967-இல் அவர்கள் வெளியிட்ட அந்தப் புரதமே பின்னர் டியூபுலின் என்று பெயர் பெற்றது. கோல்கிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டால் அந்த இணையால் குழலில் ஒழுங்காகப் பொருந்த முடிவதில்லை. பாதை வளர்வது நின்றுபோகிறது.

இந்தக் காரணத்தாலேயே கண்வலிக் கிழங்கும் அதன் விதையும் கொடிய நஞ்சு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கௌட் என்னும் மூட்டு அழற்சிக்கு மருத்துவர் தரும் கோல்கிசின் மாத்திரையில் மருந்து அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மூட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு எவரும் கிழங்கை அரைத்துக் குடித்துவிடக் கூடாது. களத்தில் காயும் விதை குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

பாதை அமைந்தது எதற்காக என்பதை எண்ணிப் பார்த்தால் இயக்கிப் புரதங்களின் தேவை புரியும். நம் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை செல்லும் இயக்க நரம்பு செல்லின் ஆக்ஸான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதன் கடைக்கோடியில் தேவைப்படும் புரதங்கள் பெரும்பாலும் தண்டுவடத்தில் உள்ள செல் உடலில்தான் உருவாகின்றன. அவை தாமாகவே பரவிப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டால், பரவலில் தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும் என்ற கணக்குப்படி, ஒரு சாதாரணப் புரதம் ஒரு மீட்டர் கடக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். 1948-இல் பால் வைஸ் என்பவர் விலங்கின் நரம்பை நெரித்துக் கட்டிவைத்து, கட்டுக்கு மேற்பக்கம், அதாவது செல் உடல் இருக்கும் பக்கம், இழை வீங்கிப் பொருள் தேங்குவதைக் கண்டார். உள்ளே ஏதோ ஓடுகிறது என்பதற்கு அது கண்ணால் கண்ட சாட்சி. 1969-இல் நரம்புக்குக் கோல்கிசின் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஓட்டமே தடைப்பட்டது. ஓட்டத்துக்கும் நுண்குழலுக்கும் உள்ள உறவு அத்துடன் உறுதியாயிற்று.

ஓட்டிச் செல்வது எது என்பது மட்டும் மிஞ்சியது. கணவாய் மீனின் ராட்சத ஆக்ஸான் ஒரு மில்லிமீட்டர்வரைகூடத் தடிமன் உள்ளது. அதன் உட்பொருளைப் பிதுக்கி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வீடியோ கேமரா பொருத்திய நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்லே இல்லாத நிலையிலும் சுமைகளான நுண்பைகள் மணிக்கணக்கில் இழைகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. ரொனால்ட் வேல் கலிபோர்னியாவில் மாணவராக இருந்தபோது, 1983-இல் எல் நினோவால் அந்தக் கடற்பகுதியில் கணவாய் கிடைக்காமல் போக, நாட்டின் மறு கரையில் உள்ள உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே மைக்கேல் ஷீட்ஸ், தாமஸ் ரீஸ் ஆகியோருடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் பயனாக 1985-இல் கைனசின் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் புரதத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டவைத்து, மேலே நுண்குழல்களை விட்டு, ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறையும் சேர்த்தால், குழல்கள் தாமே தகட்டின்மேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. உயிருள்ள செல் இல்லை, கட்டளையிடும் நரம்பு இல்லை; வெறும் புரதமும் எரிபொருளும் பாதையும் மட்டும் இருந்தால் நகர்வு நிகழ்கிறது. தங்கள் கட்டுரையாளர் இந்த ஒரு சோதனையை நினைவில் வைத்திருந்தால் அந்தப் புரதத்துக்கு அறிவு இருப்பதாக எழுதியிருக்க மாட்டார்.

இனி அந்த நகர்வு எப்படி நிகழ்கிறது என்பது. கைனசினுக்கு இரண்டு தலைகள் உண்டு. கட்டுரை கால்கள் என்று குறிப்பிட்டவை இவைதாம். ஒவ்வொன்றும் 10 நானோமீட்டருக்கு உட்பட்டது. ஒவ்வொரு தலையிலிருந்தும் கழுத்துப் பட்டை என்னும் குறுகிய புரத இழை புறப்பட்டு, இரண்டும் சேர்ந்து முறுக்கிய நீண்ட காம்பாகிறது. காம்பின் மறுமுனையில் சுமை. முன் தலை எரிபொருள் ஏதுமின்றிப் பாதையை இறுகப் பற்றியிருக்கும்போது, பின் தலையில் ஏடிபி சிதைந்து பாஸ்பேட் ஒன்று வெளியேறிவிட, பிடி தளர்ந்து அது பாதையை விட்டுக் கழன்றிருக்கும். இப்போது முன் தலைக்குள் ஒரு ஏடிபி மூலக்கூறு வந்து அமர்கிறது. அமர்ந்தவுடன் அந்தத் தலையின் கழுத்துப் பட்டை தலையின் பக்கவாட்டில் முன்னோக்கிப் படிந்து ஒட்டிக்கொள்ள, கழன்றிருந்த தலை முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து அடுத்த பிடிமானம் வரை அதை யாரும் தூக்கி வைப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் இடிக்க, அந்தத் தலை கட்டிய கயிற்றின் எல்லைக்குள் அங்குமிங்கும் அலைந்து, தற்செயலாகப் பொருத்தமான டியூபுலின்மேல் படும்போது பற்றிக்கொள்கிறது. பற்றியதும் அதனுள் இருந்த எரிபொருளின் எச்சம் வெளியேறி, பிடி இறுகுகிறது. பின்னால் நின்றுவிட்ட தலையில் இப்போது ஏடிபி சிதைய, அது கழல்கிறது. ஒரு தலை கடப்பது 16 நானோமீட்டர். சுமை முன்னேறுவது 8 நானோமீட்டர். செலவு ஒரே ஒரு ஏடிபி.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 1993-இல் கரேல் ஸ்வோபோடா, ஸ்டீவன் பிளாக் முதலியோர், லேசர் ஒளியாலேயே நுண்மணியைப் பிடித்துவைக்கும் ஒளி இடுக்கியைக் கொண்டு அந்த 8 நானோமீட்டர் அடியைத் தனித்தனியாக அளந்தார்கள். ஒளி இடுக்கியைக் கண்டறிந்த ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2004-இல் அஹ்மத் இல்டிஸ், பால் செல்வின் முதலியோர் ஒரு தலையில் மட்டும் ஒளிரும் சாயம் பொருத்திப் பார்த்து, அது ஏறத்தாழ 17 நானோமீட்டர் தாவுவதையும், மற்றத் தலை தாவும்போது அசையாமல் நிற்பதையும் காட்டினார்கள். இரு தலைகளும் மாறி மாறி முன்வருகின்றன என்பது அதனால் உறுதியாயிற்று.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். எரிபொருள் தாராளமாக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 100 அடிகள், அதாவது நொடிக்கு 800 நானோமீட்டர் அளவு வேகம். எதிரே இழுத்தால் 5 முதல் 7 பிகோநியூட்டன் (நியூட்டனின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோநியூட்டன்) விசையில் நின்றுவிடும். அந்த விசைக்கு எதிராக 8 நானோமீட்டர் நகர்வது என்றால், ஒரு ஏடிபி தரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி வேலையாக மாறுகிறது. தனியொரு கைனசின் சுமார் 100 அடி எடுத்தபின் பாதையை விட்டு விழுந்துவிடுகிறது. ஆகவே செல்லுக்குள் ஒரே சுமையில் பல இயக்கிகள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. வகைக்கு வகை வேகம் மாறும். ஆக்ஸானில் விரைவான போக்குவரத்து நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை செல்வதால், தண்டுவடத்தில் புறப்பட்ட நுண்பை இரண்டரை முதல் ஐந்து நாட்களில் பாதம் சேர்ந்துவிடும்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். கைனசினைச் சுற்றி வெற்றிடம் இல்லை. இம்மியளவும் இடைவெளியின்றி நீர் மூலக்கூறுகளும் புரதங்களும் நெருக்கியடிக்கின்றன. அந்த மோதல்களால் ஒவ்வொரு நொடியும் அது பெற்று இழக்கும் ஆற்றல், அதே நொடியில் அது எரிக்கும் எரிபொருளின் ஆற்றலைவிடப் பல கோடி மடங்கு. அவ்வளவு சிறிய உருவத்துக்கு நீரே மிகவும் பிசுபிசுப்பானது. உந்துவது நின்றால் அந்தக் கணமே நின்றுவிடும், வேகத்தின் மிச்சத்தில் நழுவிச் செல்லுதல் என்பது அங்கே கிடையாது. அப்படியானால் இந்தக் கொந்தளிப்பின் நடுவே ஒரே திசையில் முன்னேறுவது எப்படி? சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்த துணியைச் சுருட்டும் உருளையோடு ஒரு பற்சக்கரமும், அது பின்னோக்கி உருளாதபடி பல்லில் விழுந்து தடுக்கும் ஒரு நாக்கும் இருப்பதைத் தறிக்காரர்கள் அறிவார்கள். கைனசின் செய்வது ஏறத்தாழ அதுதான்: மோதல்கள் அதை எல்லாப் பக்கமும் அசைக்கின்றன, முன்பக்க அசைவு நேரும்போது பிடி விழுகிறது. ஆனால் இந்த ஒப்புமையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மூலக்கூறு அளவில் அந்த நாக்கும் அதே வெப்பத்தால் துள்ளிக்கொண்டிருக்கும். துள்ளும்போது சக்கரம் பின்னோக்கியும் உருளும். எரிபொருள் செலவில்லாமல் ஒரு பக்கமாக முன்னேறவே முடியாது என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் தம் விரிவுரையில் விளக்கியிருக்கிறார். ஏடிபி செலவாவது இதற்காகவே. பின்னோக்கிய வழியை அடைத்து, முன்னோக்கிய வழியை அதிக வாய்ப்புள்ளதாக ஆக்குவதற்கான விலை அது. 2005-இல் கார்ட்டர், கிராஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிறுத்தும் விசையையும் தாண்டிப் பலமாகப் பின்னே இழுத்துப் பார்த்தபோது கைனசின் ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்தது. போகுமிடம் தெரிந்த ஒன்று அப்படி நடக்காது.

திசை புரதத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் 1990-களில் தெளிவாயிற்று. பழ ஈயில் உள்ள என்சிடி என்னும் புரதம் கைனசின் குடும்பத்தைச் சேர்ந்தது, தலையும் ஏறத்தாழ அதே அமைப்பு; ஆனால் எதிர்த் திசையில், கழித்தல் முனைக்குச் செல்கிறது. தலைகளையும் கழுத்துகளையும் மாற்றிப் பொருத்திப் பார்த்ததில், தலைக்கு அடுத்துள்ள கழுத்துப் பகுதியே திசையைப் பெரிதும் முடிவு செய்கிறது என்று தெரிந்தது. சுமை சரியான இடம் சேர்வதோ வேறு பல ஏற்பாடுகளின் கூட்டு விளைவு: சுமையையும் இயக்கியையும் இணைக்கும் இடைப் புரதங்கள், பாதையின்மேல் உள்ள வேதிக் குறிகள், சுமை இல்லாதபோது கைனசின் தன் வாலால் தன் தலைகளையே முடக்கி மடிந்து கிடப்பது ஆகியவை அவற்றுள் சில.

இன்னோர் இயக்கிப் புரதமான மயோசின், நுண்குழலில் அல்லாமல் ஆக்டின் என்னும் வேறொரு புரத இழையின்மேல் ஓடுவது. தசையில் அதைப் பலரும் அறிவார்கள். டைனீனைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது பெருங்குறை. கைனசினுக்கு மனித உடலில் ஏறத்தாழ 45 மரபணுக்கள் இருக்க, செல்லின் உட்பக்கம் நோக்கிய போக்குவரத்தில் பெரும்பகுதியை ஒரே வகை டைனீன் நடத்துகிறது. அதன் அடிகள் சீரானவை அல்ல. நீளம் மாறும், பக்கவாட்டிலும் விலகும், சில நேரம் பின்னேயும் வரும். தனி டைனீன் வலுக் குறைந்ததாயினும் பல சேர்ந்தால் பெருஞ்சுமையை இழுக்கின்றன என்பதை உயிருள்ள செல்லுக்குள்ளேயே ஒளி இடுக்கி கொண்டு அளந்தவர்கள், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கின் குழுவினர். அவருக்கு 2014-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது வழங்கப்பட்டது. இந்தியாவில் நடந்த இந்த வேலையைத் தமிழில் எழுதுபவர்கள் விட்டுவிடலாகாது.

இது வெறும் ஏட்டுச் செய்தி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். நம் வீட்டோரங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தும் டியூபுலினையே பற்றுகிறது; அந்தச் சிகிச்சை பெறுவோருக்குக் கால் விரல்களிலும் கை விரல்களிலும் மரமரப்பு தொடங்குவதற்கு, மிக நீண்ட இழைகளில் இந்தப் போக்குவரத்து தடைப்படுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. அவர்கள் அதை வயதின் குறை என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடியில் புகும் ரேபிஸ் வைரஸ், கடிவாயிலிருந்து மூளைக்கு ஏறுவது, ஆக்ஸானின் கடைசியிலிருந்து செல் உடலை நோக்கி டைனீன் செல்லும் இதே பாதையில்தான். முகத்திலோ கழுத்திலோ கடி விழுந்தால் காலில் விழுந்ததைவிட விரைவில் நோய் வெளிப்படக்கூடியதன் முக்கியக் காரணம் இந்தத் தூரக் கணக்கு. உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பாதையில் வைரஸ் ஏறும்முன் தடுப்பதற்காகத்தான்.

ஆகவே தாங்கள் அந்தக் கட்டுரைக்கு ஒரு தொடர்ச்சி வெளியிட வேண்டுகிறேன். அதில் பொம்மைக்குப் பதிலாக, இரு தலைகளும் கழுத்துப் பட்டையும் 13 சரக் குழலும் அளவு விகிதத்துடன் வரையப்பட்டு, சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும் படம் இடம்பெறட்டும். அதே வாரம் வேளாண்மைப் பக்கத்தில், கண்வலி விதை எந்தப் புரதத்தைப் பற்றுகிறது, ஏன் அது நஞ்சு என்பதை விவசாயிகளுக்கு விளங்கும்படி அரைப் பத்தியாவது எழுதச் செய்யுங்கள். என் கையால் வரைந்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் ஓவியருக்கு உதவுமானால் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
முதுகலை விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு),
மூலனூர், திருப்பூர் மாவட்டம்.